பெயரிடப்படாத ஒரு சிற்றுயிர்

எமது கல்லூரி விலங்கியற் சாலையின் மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரியில், நண்டுகளும் நட்சத்திர மீன்களும் அடைபட்ட பெரிய சாடிகளுக்குப் பின்னே, சுண்டுவிரல் அளவுள்ள கண்ணாடிக் குப்பிகள் மூன்று உள. அவற்றுள் யாது உளது என்று வினவுவோர் மிகச் சிலர். உற்று நோக்குவோர்க்கும் அரிசி நொய் போன்றதொரு துணுக்கன்றி வேறொன்றும் தோன்றாது. அக்குப்பிகளின் வரலாற்றை எழுதித் தருமாறு இம்மலரின் ஆசிரியர் எம்மை வேண்டினர். வெற்றி பெற்ற கதையை எழுதுதல் எளிது, இஃது அத்தகையதன்று. ஆயினும் மாணவர் சிலர்க்கேனும் பயன்படும் என்னும் துணிவால் எழுதலுற்றோம்.

பூந்தொட்டியைப் பெயர்த்தெடுக்குங்கால், அதன் அடியிலுள்ள ஈரமண்ணில் சாம்பல் நிறப் பூச்சிகள் சில ஓடி ஒளிவதையும், அவற்றுட் சில தொட்டவுடன் மிளகுபோல் உருண்டுகொள்வதையும் எல்லோரும் கண்டிருப்பர். பூச்சி என்று வழங்கினும் அவை பூச்சியினத்தைச் சார்ந்தன அல்ல; இறாலுக்கும் நண்டுக்கும் உறவாகிய ஓட்டுடலிகளாம். 1817-ம் ஆண்டில் லத்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் இவ்வகுப்பிற்கு ஐசோபோடா என்று பெயரிட்டார். ‘ஒத்த கால்களையுடையவை’ என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். இதுகாறும் பெயர் பெற்ற இனங்கள் 10,000-க்கு மேற்பட்டன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி நிலத்தில் வாழ, எஞ்சியவை நீரில், பெரும்பாலும் கடலில், வாழ்கின்றன. ஆழ்கடலில் ஓர் அடிக்கு மேல் வளரும் ஐசோபோடு ஒன்றுண்டு. அதனை மில்ன் எட்வர்ட்ஸ் 1879-ல் உலகிற்கு அறிவித்தார். மீனின் வாயினுட் புகுந்து, அதன் நாவினைத் தேயச் செய்து, தானே நாவின் இடத்தில் அமர்ந்துகொள்வதும் ஒன்றுண்டு. இவை விந்தையானவை, ஆதலின் பலரும் அறிந்தவை. யாம் சொல்லப்புகுந்ததோ பவளப் பாறைகளில் எண்ணிறந்து வாழ்ந்தும் எவர் கண்ணிலும் படாத ஒரு குடும்பத்தைப் பற்றியது. அதன் பேரினத்திற்கு நாதியா என்று பெயர்.

நாதியாவின் வாழ்க்கை இருவேறு பிறவிகளை ஒத்தது. இளம் பருவத்தில் அது கல்லிடுக்கில் ஒளிந்திருந்து, பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் வெளிப்போந்து, அவ்வழிச் செல்லும் மீனின் உடலிற் பற்றிக் குருதியையும் ஊனீரையும் உறிஞ்சும். வயிறு புடைத்தபின் மீனை விட்டு நீங்கி, மீண்டும் இடுக்கினுட் புகுந்து தோலுரிக்கும். இவ்வாறு மும்முறை உண்டு மும்முறை உரித்தபின் அது முதிர்ந்த ஆணாகவோ பெண்ணாகவோ மாறும். மாறியபின் உண்பதே இல்லை. இளமையில் உண்டதே இறுதிவரைக்கும் உணவு. பெண் தன் உடலெல்லாம் முட்டைகளால் நிறைந்து, குஞ்சுகளை வெளிவிட்டபின் மடியும். ஆணோ அகன்ற தலையும், முன்னே நீண்ட இடுக்கி போன்ற தாடைகளும் உடையதாய்க் கறையான் புற்றின் காவற் சிப்பாயை ஒத்திருக்கும். பிற ஐசோபோடுகளுக்கு நடைக்கால்கள் ஏழு இணை. இதற்கோ ஐந்தே இணை.

இளமைக்கும் முதுமைக்கும் இத்துணை வேற்றுமை இருத்தலால், பண்டை அறிஞர் பெரிதும் மயங்கினர். இளமைப் பருவத்தைப் பிரானிசா என்று ஒரு பேரினமாகவும், ஆணை ஆன்சியஸ் என்று மற்றொரு பேரினமாகவும் கொண்டு, இரண்டனுள்ளும் பல இனங்களைப் பெயரிட்டு வந்தனர். 19-ம் நூற்றாண்டின் நடுவில் ஹெஸ்ஸே என்னும் பிரெஞ்சுக்காரர் பிரானிசாக்களை உயிருடன் வைத்துக் காத்திருந்து, அவை தோலுரித்து ஆன்சியஸ் ஆவதைக் கண்டார். ஒரே உயிர் இரு பெயர்களுடன் நூல்களில் உலவியமை அப்பொழுதுதான் வெளிப்பட்டது. இறந்த உடலை எத்துணை நுணுகி வரைந்தாலும் அறியப்படாதது, உயிருள்ளதைக் காத்திருந்து நோக்கினமையால் அறியப்பட்டது. இக்கருத்தை வாசகர் நினைவில் கொள்ளவேண்டும். எம் கதை முழுதும் இதன்மேல் நிற்கின்றது.

நிற்க. யாம் மாணவராயிருந்த காலத்தில் எமக்கு விலங்கியல் கற்பித்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் பெயரை ஈண்டு எழுதுகின்றிலோம். அதன் காரணம் பின்னர் விளங்கும். பித்தளைப் பிடி போட்ட கைக்கண்ணாடி ஒன்றை அவர் கழுத்திற் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். ‘பெரியதைக் காண்பதற்குக் கண் போதும், சிறியதைக் காண்பதற்குப் பொறுமை வேண்டும்’ என்பது அவர் அடிக்கடி கூறும் வாசகம். அவர் முப்பதாண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றார். தம் பெயரால் ஒரு நூலோ ஒரு கட்டுரையோ எழுதியவர் அல்லர். யாம் ஆசிரியத் தொழிலில் அமர்ந்தபின், அவர் பெயரை ஏதேனும் ஓர் உயிரின்மேல் நிலைநாட்ட வேண்டும் என்னும் ஆவல் எம்முள் நெடுநாள் இருந்தது. லின்னேயஸ் 1758-ல் வெளியிட்ட நூலின் பத்தாம் பதிப்பு முதலாக விலங்குகளுக்கு இடப்பெற்ற பெயர்கள் இன்றும் நிற்கின்றன அன்றோ? கல்லில் வெட்டிய எழுத்தினும் அவை நீடித்து நிற்பன என்று எண்ணினோம்.

மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் வரிசையாய் உள்ளன; அவற்றைச் சூழ்ந்து பவளப் பாறைகள் உள. 1986-ம் ஆண்டு முதல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக விளங்குவதால், அங்கே அனுமதியின்றிப் புகுந்து எதனையும் எடுத்தல் ஆகாது. ஆதலின் யாம் ஒரு விடுமுறையில் மண்டபம் கரைக்குச் சென்று, கூடு வைத்து மீன் பிடிக்கும் முதியவர் ஒருவரை அணுகினோம். அவர் பூங்காவின் எல்லைக்குப் புறத்தே மாலையிற் கூடுகளை இறக்கி வைகறையில் எடுப்பவர். ஓராவும் கிளிமீனும் களவாவும் கூட்டினுள் உயிருடன் கிடைக்கும். அவற்றைக் கடல்நீர் நிறைந்த பீப்பாயில் இட்டுக் கொணருமாறு வேண்டினோம்.

“மீன் வேண்டாம், மீன் கிடந்த தண்ணீர்தான் வேண்டும் என்கிறீர்களே, வாத்தியாரே!” என்று அவர் நகைத்தார்.

“தண்ணீரின் அடியில் மீனின் பேன் கிடக்கும், ஐயா, அதனைத் தேடி வந்தோம்,” என்றோம்.

“மனிதருக்குப் பேன் உண்டாயின் மீனுக்கும் இராதா?” என்று கூறி, மூன்றாம் நாட் காலையில் பீப்பாயை எம்மிடம் விட்டு மீன்களை விற்கச் சென்றார். அதன் அடிநீரை வெண்துணியில் வடித்தபொழுது, குன்றிமணியினும் மிகச் சிறியனவாய்ச் சிவந்த வயிறுடைய உயிர்கள் பதினேழு கிடைத்தன. மகிழ்ச்சி மிகுதியால் அவை அனைத்தையும் ஒரே கண்ணாடிப் புட்டியில் இட்டோம். இது யாம் செய்த முதற் பிழை. அப்பொழுது அதனைப் பிழையென்று அறிந்திலோம்.

கல்லூரிக்கு மீண்டபின், நாள்தோறும் காலையும் மாலையும் நீர் மாற்றிக் காத்திருந்தோம். பதினேழில் பத்து மடிந்தன. நான்கு பெண்ணாயின. எட்டாம் நாள் விடியலில் ஒன்று தோலுரித்து ஆணாகி, தாடைகளை விரித்துப் புட்டியின் அடியில் நின்றது. இக்குடும்பத்தின் இனங்கள் பெரும்பாலும் ஆணின் உறுப்புக்களைக் கொண்டே பிரித்தறியப்படுவன. ஆதலின் அவ்வொன்று எமக்குப் பொன்னினும் அரியதாயிற்று. உடனே அதனைப் பார்மலினில் இட்டோம். இஃது இரண்டாம் பிழை.

நுண்பெருக்கியின்கீழ் அதனை நோக்கியபொழுது எம் நெஞ்சு துடித்தது. தலையின் முன்விளிம்பின் நடுவிலுள்ள முனைப்பு, யாம் கண்ட படங்களில் எல்லாம் ஒற்றையாய் இருக்க, இதனிடத்தில் இரண்டாகப் பிளவுபட்டிருந்தது. 1926-ல் தியோடோர் மோனோ இக்குடும்பம் முழுவதையும் ஆராய்ந்து பெருநூல் ஒன்று வெளியிட்டார். பிற்காலத்தில் சகாரா பாலைநிலத்தை ஒட்டகத்தின்மேல் கடந்து புகழ்பெற்றவரும் அவரே. அந்நூலின் படிகளையும், இலங்கையின் முத்துக்குளி நிலங்களில் ஹெர்ட்மன் 1902-ல் திரட்டிய ஐசோபோடுகளைப் பற்றி ஸ்டெப்பிங் என்னும் பெரியார் 1905-ல் எழுதிய அறிக்கையையும், பின்னர் வந்த கட்டுரைகளையும் வருவித்துப் பக்கம் பக்கமாய்ப் பார்த்தோம். பிளவுற்ற அம்முனைப்புடையது எங்கும் தென்பட்டிலது.

ஒரு புதிய இனத்தை அறிவித்தல் என்பது பெயர் சூட்டுதல் மாத்திரம் அன்று. பெயரைத் தாங்கி நிற்பதற்கு ஓர் உடல் வேண்டும். அதற்கு ஹோலோடைப் என்று பெயர். அதனைப் பொருட்காட்சிச்சாலை ஒன்றில் எண்ணிட்டு ஒப்படைத்து, பிற்காலத்தவர் ஐயுறுங்கால் எடுத்துப் பார்க்குமாறு வைத்தல் வேண்டும். கால்களையும் வாயுறுப்புக்களையும் ஒவ்வொன்றாய்ப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் பதித்து, மயிர் ஒன்றும் விடாது எண்ணி வரைதல் வேண்டும். முன்னர்ப் பெயர் பெற்ற இனங்கள் யாவற்றினின்றும் இஃது எவ்வாறு வேறுபடுகின்றது என்று தெளிவுற எழுதல் வேண்டும். இரண்டு திங்கள் இரவும் பகலும் இவற்றைச் செய்தோம். நாதியா என்னும் சொல்லின் பின்னே எம் ஆசிரியரின் பெயரை இலத்தீன் முறைப்படி திரித்து எழுதி, அதனை ஒரு தாளில் பலமுறை எழுதி எழுதிப் பார்த்து மகிழ்ந்தோம்.

இடையில் பதினோராம் நாள் தோன்றிய இரண்டாம் ஆணிடத்தும் அப்பிளவு சிறிது காணப்பட்டது. பதின்மூன்றாம் நாள் தோன்றிய மூன்றாம் ஆணை, முதலிரண்டாலும் நிறைவுற்றிருந்தமையின், யாம் நுணுகி நோக்காது வைத்துவிட்டோம். கட்டுரை முற்றுப்பெறும் தறுவாயில் ஒருநாள் மாலை அதனையும் எடுத்துப் பார்த்தோம். அதன் முனைப்பு ஒற்றையாய், சிறிதும் பிளவின்றி இருந்தது.

அன்றிரவு யாம் உறங்கிற்றிலம். உடன் பணியாற்றும் நண்பர் ஒருவரிடம் செய்தியைக் கூறினோம். அவர் எம்பால் அன்புடையவர். “மூன்றாவது ஒன்று இருந்ததென்று யார் அறிவார்? இரண்டு உள்ளன, எழுதி அனுப்புக. பெரியவர் கண்மூடுமுன் அவர் பெயரை அச்சிற் காண்பாரல்லவா?” என்றார். அக்காலத்தில் எம் ஆசிரியர் நோய்வாய்ப்பட்டுத் தம் மகள் இல்லத்தில் இருந்தார் என்பதனை வாசகர்க்கு உரைத்தல் வேண்டும். நண்பரின் சொல் எமக்குக் கசப்பாய் இருந்ததென்று எழுதுதல் பொய்யாகும். அஃது இனிப்பாகவே இருந்தது. நான்கு நாட்கள் அவ்வினிப்பைச் சுவைத்துக்கொண்டிருந்தோம்.

ஐந்தாம் நாள் படங்களை எடுத்துக்கொண்டு ஆசிரியரைக் காணச் சென்றோம். கண்படலத்தால் அவர் பார்வை மங்கியிருந்தது. படத்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, “எனக்குத் தெரியவில்லை, தம்பி, நீ வாயாற் சொல்,” என்றார். கால் முதல் தாடை ஈறாகச் சொன்னோம். முன்விளிம்பின் பிளவைப் பற்றிச் சொன்னபொழுது அவர் முகம் மலர்ந்தது.

“எத்தனை ஆண் கிடைத்தன?”

ஒரு கணம் வாளாவிருந்தோம். பின்னர், “மூன்று, ஐயா,” என்றோம்.

“மூன்றிலும் அப்பிளவு உண்டோ?”

“மூன்றாவதில் இல்லை.”

“எந்த மீனிலிருந்து எது விழுந்தது?”

“ஒரே பீப்பாய், ஐயா. பிரித்து வைக்கவில்லை.”

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு ஒவ்வொன்றாய் எண்ணிக் கூறினார்: மீன்களைத் தனித்தனியே வைத்திருந்தால், ஓராவின்மேல் இருந்தது ஒன்று, களவாவின்மேல் இருந்தது வேறொன்று என்று அறிந்திருக்கலாம். இரண்டு இனங்கள் கலந்தனவோ, ஓர் இனத்துள்ளேயே இவ்வேறுபாடு இயல்போ, தோலுரிக்கும்பொழுது நேர்ந்த ஊறோ என்பதனை இனி எவரும் சொல்லுதற்கில்லை. உடலின் மரபணுவை ஒப்பிட்டு நோக்கலாமே என்றால், பார்மலின் அதனைச் சிதைத்துவிடும். சாராயத்தில் இட்டிருத்தல் வேண்டும். இறுதியில், நாணத்துடன், அவ்வுயிருக்கு அவர் பெயரை இடக் கருதியிருந்தமையைச் சொன்னோம். அவர் எம் கையைப் பற்றிக்கொண்டார்.

“முப்பதாண்டு பிள்ளைகளிடம் கண்டதைச் சொல், காணாததைச் சொல்லாதே என்று கத்தினேன், தம்பி. இப்பொழுது என் பெயரையே காணாத ஒன்றின்மேல் ஒட்டிவிடாதே. ஐயம் உள்ள இடத்தில் ஐயம் என்று எழுது. அதுவும் அறிவுதான்.”

யாம் கட்டுரையை அனுப்பவில்லை. அவர் அடுத்த ஆண்டு மாசித் திங்களில் மறைந்தார்.

இவ்வளவு சிறியதொரு பிராணியின் பெயரில் பிழை நேர்ந்தால் உலகிற்கு என்ன குறை என்று சிலர் வினவக்கூடும். பவளப் பாறையில் துப்புரவு மீன் என்று ஒன்றுண்டு. பிற மீன்கள் அதனிடம் வரிசையாய் வந்து நின்று, தம் உடலிற் பற்றிய ஒட்டுண்ணிகளை அது தின்னுமாறு விடும். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டிலுள்ள லிசார்டு தீவில் குரட்டர் என்னும் அம்மையார் ஆராய்ந்து, அத்தகைய மீன் ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்பதாக 1996-ல் எழுதினார். அவற்றுட் பெரும்பாலானவை நாதியாவின் குடும்பத்து இளமைகளே. எந்த இனம் எந்த மீனை நாடுகின்றது, எவ்விடுக்கில் வாழ்கின்றது என்பன பெயர் உறுதியானால் அன்றி அறியப்படா. பிழைபட்ட பெயர் ஒன்று நூலில் ஏறிவிடின், பிற்காலத்தவர் பத்துப்பேர் அதனை நம்பிப் பத்து முடிவுகளை அதன்மேல் கட்டுவர். பிரானிசா, ஆன்சியஸ் என்னும் இரு பெயர்களின் மயக்கம் தீர்வதற்கு எத்தனை ஆண்டுகள் சென்றன!

இதனைச் செவ்வனே செய்தாரும் உளர். கிழக்குக் கரிபியன் கடலில் பிரெஞ்சு கிரண்ட் எனப்படும் மஞ்சள் வரி மீன்களிலிருந்து இளமைகளை எடுத்து, அவை முதிரும்வரை காத்திருந்து, ஆணையும் இளமையையும் சேர்த்து விவரித்து, 2012-ல் அறிஞர் மூவர் ஒரு புதிய இனத்தை வெளியிட்டனர். ஜமாய்க்கா நாட்டு இசைவாணர் பாப் மார்லியை நினைந்து அதற்கு நாதியா மார்லியை என்று பெயரிட்டனர். அக்கட்டுரையைப் படித்தபொழுது, இன்ன மீனினின்று இன்ன உயிர் என்று அவர்கள் உறுதியாய்க் கூறிய வரியில் எம் கண் நெடுநேரம் நின்றது. எம்மிடம் இல்லாதது அவ்வொரு வரியே.

அதன்பின் இருமுறை மண்டபம் சென்றோம். இம்முறை மீன் ஒன்றுக்கு வாளி ஒன்றாய், வாளிதோறும் சீட்டு எழுதிக் கட்டி வைத்தோம். முதல் முறை பெண்களே தோன்றின. இரண்டாம் முறை ஆண் இரண்டு தோன்றின, இரண்டும் ஒற்றை முனைப்புடையன. கூடு வைக்கும் முதியவர் இப்பொழுது எம்மைக் கண்டவுடன், “பேன் வாத்தியார் வந்துவிட்டார், வாளிகளை எடு,” என்று தம் பேரனை ஏவுகின்றார். அச்சிறுவன் சீட்டில் மீனின் பெயரைத் தானே பிழையின்றி எழுதுகின்றான்.

அலமாரியிலுள்ள குப்பிகள் மூன்றும் அம்முதல் மூன்று ஆண்களே. மாணவர் எவரேனும் அவற்றைக் கையில் எடுத்து ஒளியில் நோக்குவாராயின், உள்ளே மிதக்கும் சீட்டில் கரிய மையால் எழுதிய எழுத்துக்களைப் படிக்கலாம். இடம், நாள், எடுத்தோர் பெயர் ஆகியவற்றின் கீழே இவ்வாறு இருக்கும்: ‘நாதியா. ஆண். இனம் துணியப்படவில்லை. மீன் எதுவென்று குறிக்கப்படவில்லை, குறை எழுதியோருடையது.’